கார்ல்ஸ்டாட்டில் இருமுறை: ஸ்காண்டிநேவியப் பாதுகாப்பு ஒன்றியம் 1949இல் ஏன் உருவாகவில்லை?

சுவீடனின் மேற்குப் பகுதியில், வேனர்ன் ஏரிக்கரையில் அமைந்த நகரம் கார்ல்ஸ்டாட். நார்வேயின் எல்லை அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. வடஐரோப்பிய வரலாற்றில் இந்நகரம் இருமுறை முக்கியத்துவம் பெற்றது. முதல் முறை இரண்டு நாடுகள் பிரிவதற்காக அங்கே கூடின. இரண்டாம் முறை மூன்று நாடுகள் இணைவதற்காகக் கூடின. பிரிவு நிறைவேறியது, இணைவு நிறைவேறவில்லை.

1814 முதல் ஒரே மன்னரின் கீழ் இணைந்திருந்த சுவீடனும் நார்வேயும் 1905இல் பிரிந்தன. அவ்வாண்டு ஜூன் 7 அன்று நார்வே நாடாளுமன்றம் ஒன்றியம் முடிவுற்றதாக அறிவித்தது. ஆகஸ்டில் நடந்த பொதுவாக்கெடுப்பில் பிரிவுக்கு ஆதரவாக 3,68,208 வாக்குகளும் எதிராக வெறும் 184 வாக்குகளும் விழுந்தன. இரு தரப்பும் எல்லையில் படைகளைத் திரட்டியிருந்த சூழலில், கார்ல்ஸ்டாட்டில் ஆகஸ்ட் இறுதி முதல் செப்டம்பர் வரை பேச்சுவார்த்தை நடந்தது. எல்லையின் இருபுறமும் படைகளற்ற நடுநிலைப் பகுதி ஒன்று வகுக்கப்பட்டது. நார்வே தன் எல்லைக் கோட்டைகளை இடிக்க ஒப்புக்கொண்டது. ஒரு துப்பாக்கிக் குண்டும் வெடிக்காமல் ஒரு நாடு இரண்டாயிற்று.

நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1949 ஜனவரி 5, 6 ஆகிய நாள்களில், அதே நகரத்தில் சுவீடன், நார்வே, டென்மார்க் ஆகிய மூன்று நாடுகளின் பிரதமர்களும் அமைச்சர்களும் கூடினர். ஒரு நாட்டின்மீது தாக்குதல் நடந்தால் மற்ற இரண்டும் துணைக்கு வரும் என்ற பாதுகாப்பு ஒன்றியத்தை அமைக்க முடியுமா என்பதே அவர்கள் முன் இருந்த வினா. மூன்றும் மக்களாட்சி நாடுகள். மூன்றிலும் சமூக ஜனநாயகக் கட்சியினரே ஆட்சியில் இருந்தனர். ஒருவர் மொழியை மற்றவர் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளரின்றியே புரிந்துகொள்வர். சமயம், சட்ட மரபு, தொழிற்சங்க மரபு என எல்லாவற்றிலும் நெருக்கம் இருந்தது. ஆயினும் அம்மாத இறுதிக்குள் அம்முயற்சி முறிந்துவிட்டது.

இத்தனை நெருக்கமான அண்டை நாடுகளே ஒன்றுசேர இயலாதபோது, வேறு எவரால் இயலும்? ஐரோப்பியக் கூட்டுப் பாதுகாப்பைப் பற்றிய விவாதங்கள் மீண்டும் சூடுபிடித்துள்ள இக்காலத்தில், இவ்வினாவை வரலாற்றின் துணைகொண்டு அணுகுவது பயனுடையது.

ஒரே ஆண்டு, நான்கு பாடங்கள்

முதலாம் உலகப்போரின்போது மூன்று நாடுகளின் அனுபவமும் ஏறத்தாழ ஒன்றே. 1914 டிசம்பரில் மூன்று மன்னர்களும் சுவீடனின் மால்மோ நகரில் சந்தித்து நடுநிலையை வலியுறுத்தினர். மூன்றும் போருக்கு வெளியிலேயே நின்றன. நடுநிலை என்பது செயல்படக்கூடிய கொள்கை என்ற நம்பிக்கை அப்போது வேரூன்றியது.

அந்நம்பிக்கையை 1939 நவம்பர் முதல் 1940 ஜூன் வரையிலான எட்டு மாதங்கள் சிதறடித்தன. ஆனால் நாட்டுக்கு நாடு வெவ்வேறு விதமாகச் சிதறடித்தன என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

பின்லாந்தை 1939 நவம்பர் 30 அன்று சோவியத் ஒன்றியம் தாக்கியது. சுவீடனிலிருந்து 8,000க்கும் மேற்பட்ட தன்னார்வ வீரர்கள் சென்றனர். ஆயுதங்களும் பணமும் சென்றன. பின்லாந்தின் குழந்தைகள் ஏறத்தாழ 70,000 பேர் போர்க்காலம் நெடுகிலும் சுவீடன் குடும்பங்களில் அடைக்கலம் பெற்றனர். ஆனால் பின்லாந்து கேட்டது சுவீடனின் முறையான படைகளை. அதைச் சுவீடன் அரசு மறுத்தது. 1940 மார்ச் 13 அன்று போர் நின்றபோது பின்லாந்து தன் நிலப்பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை இழந்திருந்தது; நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்து உள்நாட்டில் குடியேறினர். அண்டை வீட்டார் அன்புடையவராக இருக்கலாம், ஆனால் இறுதியில் போரிடுவது தனியாகத்தான் என்பது பின்லாந்து கற்ற பாடம்.

டென்மார்க் 1939இல் ஜெர்மனியுடன் போர் தொடுக்கா உடன்பாடு செய்திருந்தது. 1940 ஏப்ரல் 9 அன்று அதே ஜெர்மனி எல்லையைக் கடந்து வந்தது. சில மணி நேரத்தில் அரசு பணிந்தது. சமவெளியாலான சிறு நாடு, வலிமைமிக்க அண்டை நாட்டோடு நில எல்லை, எதிர்ப்புக்கு இடம் தராத புவியியல். தனித்து நிற்பது தனக்கு இயலவே இயலாது என்பது டென்மார்க் கற்ற பாடம்.

அதே நாளில் நார்வேயும் தாக்கப்பட்டது. ஆஸ்லோவை நோக்கி வந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் புளூக்கரை ஆஸ்கர்ஸ்போர்க் கோட்டையின் பழைய பீரங்கிகளும் நீர்மூழ்கிக் கணைகளும் மூழ்கடித்தன. அதனால் கிடைத்த சில மணி நேரத்தில் மன்னர் ஏழாம் ஹாக்கோனும் அரசும் நாடாளுமன்றமும் தலைநகரை விட்டு வெளியேறினர். குவிஸ்லிங்கைப் பிரதமராக ஏற்கவேண்டும் என்ற ஜெர்மனியின் கோரிக்கையை மன்னர் ஏற்கவில்லை. இரண்டு மாதங்கள் போர் நடந்தது. பிரிட்டனும் பிரான்சும் படைகளை அனுப்பின. ஆனால் முன்னரே திட்டமிடப்படாத உதவி தாமதமாகவும் குழப்பமாகவும் வந்தது. ஜூனில் மன்னரும் அரசும் பிரிட்டன் சென்று, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களைக் கொண்டு அங்கிருந்தே போரைத் தொடர்ந்தனர். உதவி மேற்கிலிருந்துதான் வரும். அது அமைதிக் காலத்திலேயே திட்டமிடப்பட்டிருக்க வேண்டும் என்பது நார்வே கற்ற பாடம்.

சுவீடன் மட்டும் தாக்கப்படவில்லை. அதற்கு அது விலை கொடுக்காமலும் இல்லை. இரும்புத் தாது ஜெர்மனிக்குச் சென்றது. 1940 கோடை முதல் 1943 ஆகஸ்ட் வரை, நார்வேயை ஆக்கிரமித்திருந்த ஜெர்மானியப் படையினர் விடுப்பில் செல்லவும் திரும்பவும் சுவீடனின் ரயில்களைப் பயன்படுத்தினர். 1941இல் ஒரு முழுப் படைப்பிரிவே நார்வேயிலிருந்து பின்லாந்துக்குச் சுவீடன் வழியாகக் கடந்து சென்றது. மறுபுறம், 1943 அக்டோபரில் டென்மார்க்கின் யூதர்கள் 7,000க்கும் மேற்பட்டோர் கடல் கடந்து சுவீடனில் உயிர் தப்பினர். நார்வே, டென்மார்க் அகதிகளைக் கொண்ட படைப்பிரிவுகள் காவல்துறை என்ற பெயரில் சுவீடன் மண்ணிலேயே பயிற்சி பெற்றன. ஆயுத வலிமையும் வளைந்து கொடுக்கும் நடுநிலையும் சேர்ந்தால் நாடு பிழைக்கும் என்பது சுவீடன் கற்ற பாடம்.

ஒரே ஆண்டில் நான்கு அண்டை நாடுகள் நான்கு வெவ்வேறு முடிவுகளுக்கு வந்தன. எதையும் தவறென்று ஒதுக்கிவிட முடியாது. ஒவ்வொன்றும் அந்தந்த நாட்டின் அனுபவத்தால் மெய்ப்பிக்கப்பட்டதே.

மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள்

1948 பிப்ரவரியில் செக்கோஸ்லோவாக்கியாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றினர். அதே மாதம் ஸ்டாலின் பின்லாந்துக்கு உடன்படிக்கை கோரிக் கடிதம் அனுப்பினார். ஏப்ரல் 6 அன்று பின்லாந்து நட்புறவு, ஒத்துழைப்பு, பரஸ்பர உதவி உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. ஹெல்சிங்கிக்கு அருகிலுள்ள போர்க்கலாவில் அப்போது சோவியத் படைத்தளம் ஒன்று இயங்கிவந்தது. அடுத்த கடிதம் ஆஸ்லோவுக்கு வரலாம் என்ற அச்சம் நார்வேயில் பரவியது. அதற்குக் காரணமும் இருந்தது. ஸ்வால்பார்டு தீவுகளின் நிர்வாகத்தில் பங்கு வேண்டுமென 1944இலேயே மாஸ்கோ கேட்டிருந்தது.

அந்த மே மாதத்தில் சுவீடனின் வெளியுறவு அமைச்சர் ஓஸ்டன் உண்டேன் மூன்று நாட்டுப் பாதுகாப்பு ஒன்றியம் பற்றிய கருத்தை முன்வைத்தார். செப்டம்பரில் மூன்று வெளியுறவு அமைச்சர்களும் கூடி, இதை ஆராயக் கூட்டுக் குழு ஒன்றை அமைக்க முடிவெடுத்தனர். நூறாண்டுக்கும் மேலாகப் போரில் இறங்காத சுவீடன், தன் எல்லைக்கு அப்பால் இரண்டு நாடுகளைக் காக்கப் போரிட முன்வந்தது. இது சிறிய சலுகை அன்று. சுவீடனின் விமானப்படை அன்றைய ஐரோப்பாவின் வலிமையான படைகளுள் ஒன்று. நார்வேயிடமும் டென்மார்க்கிடமும் ஆக்கிரமிப்புக்குப் பின் எஞ்சியிருந்தது மிகக் குறைவு.

கார்ல்ஸ்டாட் மேசையைச் சுற்றி அமர்ந்தவர்களின் கடந்தகாலத்தை அறிந்தால், பேச்சு ஏன் கடினமாக இருந்தது என்பது விளங்கும். நார்வேயின் பிரதமர் ஐனார் கெர்ஹார்ட்சனும் வெளியுறவு அமைச்சர் ஹால்வார்ட் லாங்கேயும் ஜெர்மனியின் சாக்சன்ஹவுசன் வதைமுகாமில் கைதிகளாக இருந்தவர்கள். பாதுகாப்பு அமைச்சர் யென்ஸ் கிறிஸ்டியன் ஹாவுகே, ஆக்கிரமிப்புக் காலத்தில் தலைமறைவு எதிர்ப்புப் படையை வழிநடத்தியவர். நடுநிலை காக்கும் என்று அவர்களிடம் சொல்வது எளிதன்று.

டென்மார்க்கின் பிரதமர் ஹன்ஸ் ஹெட்டாஃப்ட், 1943இல் யூதர்களைக் கைது செய்யும் திட்டம் பற்றிய இரகசியத் தகவலை யூதச் சமூகத் தலைமைக்குக் கொண்டு சேர்த்தவர். அம்மக்கள் உயிர் தப்பியது சுவீடனால். மூவருள் ஒன்றியத்தை மிகுந்த ஆர்வத்தோடு விரும்பியவர் இவரே. சட்டப் பேராசிரியராக இருந்து அரசியலுக்கு வந்த உண்டேனோ, சிறிய நாடுகள் வல்லரசுகளின் பூசலில் பங்கெடுத்தால் முதலில் அழிவது அவையே என்று உறுதியாக நம்பியவர்.

முறிந்த இடம்

முறிவு எங்கே நிகழ்ந்தது என்பது தெளிவாகத் தெரிகிறது. மூன்று நாடுகளும் வேறெந்தக் கூட்டணியிலும் சேரக்கூடாது என்பது சுவீடனின் நிபந்தனை. ஒன்றியம் மேற்கு நாடுகளோடு ஏதேனும் ஒரு வகையில் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது நார்வேயின் நிபந்தனை. இரண்டுக்கும் நடுவே டென்மார்க் பாலம் போட முயன்றது.

சுவீடனின் வாதத்தில் ஆழமான நியாயம் இருந்தது. ஸ்காண்டிநேவியா மேற்கு முகாமில் சேர்ந்தால் சோவியத் ஒன்றியம் பின்லாந்தை முழுமையாகத் தன் பிடிக்குள் இழுத்துக்கொள்ளும். அப்போது சுவீடனின் கிழக்கு எல்லையே போர்முனையாகும். தன் பாதுகாப்பு அண்டை நாட்டின் விடுதலையோடு பின்னியது என்ற புரிதல் அதில் இருந்தது. நார்வேயின் வாதமும் நியாயமானதே. மூன்று சிறிய நாடுகள் சேர்ந்தாலும் ஒரு வல்லரசை நெடுநாள் எதிர்க்க முடியாது. எனவே தொலைவில் உள்ள பெருந்துணையை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கூட்டுக் குழுவின் அறிக்கை ஜனவரியில் வந்தது. ஒன்றியம் அமைந்தால் மூன்று நாடுகளின் தற்காப்பு ஆற்றலும் பெருகும் என்று அது ஏற்றுக்கொண்டது. ஆனால் நார்வேக்கும் டென்மார்க்குக்கும் ஏராளமான ஆயுதம் தேவை. அதை மலிவு விலையில் மேற்கிலிருந்துதான் பெறவேண்டும். வாஷிங்டனோ, ஆயுத வழங்கலில் தன் கூட்டாளிகளுக்கே முன்னுரிமை எனத் தெளிவுபடுத்தியது. கூட்டணியற்ற ஒன்றியத்துக்கு ஆயுதம் கடைசியில்தான் கிடைக்கும். கோபன்ஹேகனிலும் ஆஸ்லோவிலும் மேலும் இரு சந்திப்புகள் நடந்தன. ஜனவரி 30 அன்று முயற்சி கைவிடப்பட்டது. நார்வே இல்லாமல் சுவீடனும் டென்மார்க்கும் மட்டுமாவது இணையலாமா என்று டென்மார்க் வினவியது, சுவீடன் இணங்கவில்லை.

அந்நாள்களிலேயே சோவியத் குறிப்பு ஆஸ்லோவை வந்தடைந்தது. நார்வே தன் மண்ணில் அந்நியப் படைத்தளங்களுக்கு இடம் தருமா என்று அது கேட்டது. தாக்கப்பட்டாலோ தாக்குதல் அச்சுறுத்தல் எழுந்தாலோ அன்றி, அந்நியப் படைகளுக்குத் தளம் தரப்போவதில்லை என்று நார்வே விடையளித்தது. மாஸ்கோ முன்வைத்த போர் தொடுக்கா உடன்பாட்டை அது ஏற்கவில்லை. அத்தகைய ஓர் உடன்பாட்டின் மதிப்பை டென்மார்க்கின் அனுபவம் ஏற்கெனவே காட்டியிருந்தது. மார்ச் 29 அன்று நார்வே நாடாளுமன்றம் 130க்கு 13 என்ற வாக்குகளில் வடஅட்லாண்டிக் உடன்படிக்கையை ஏற்றது. 1949 ஏப்ரல் 4 அன்று நார்வே, டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய மூன்றும் வாஷிங்டனில் கையெழுத்திட்டன.

ஆக, இவர்களைப் பிரித்தது பகைமை அன்று; ஐயமும் அன்று. இறையாண்மை என்ற ஒரே சொல்லுக்கு அவர்கள் கொண்ட இருவேறு பொருள்களே பிரித்தன. போரா அமைதியா என்பதைத் தானே முடிவு செய்யும் உரிமையே இறையாண்மை என்றது சுவீடன். அவ்வுரிமையைக் காத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லாதபோது, உரிமை வெறும் ஏட்டில்தான் இருக்கும் என்றது நார்வே. முன்னது தாக்கப்படாத நாட்டின் பொருள்கோள். பின்னது தாக்கப்பட்ட நாட்டின் பொருள்கோள்.

உடன்படிக்கை இல்லாத ஒத்துழைப்பு

தோல்வி என்று இக்கதையை இங்கே முடித்துவிடுவோர் உண்டு. ஆனால் அடுத்து வந்த நாற்பதாண்டுகள் வேறொன்றைக் காட்டுகின்றன.

ஒன்றியம் கைகூடாத ஹெட்டாஃப்ட் மனம் தளரவில்லை. அவர் முன்மொழிந்த நார்டிக் மன்றம் 1952இல் உருவாயிற்று. அதன் முதல் தலைவரும் அவரே. அவ்வாண்டிலேயே கடவுச்சீட்டு இன்றி எல்லை கடக்கும் ஏற்பாடு தொடங்கியது. 1954இல் பொதுத் தொழிலாளர் சந்தை அமைந்தது. 1955 ஜனவரியில், மன்றக் கூட்டத்துக்காக ஸ்டாக்ஹோம் சென்றிருந்தபோது ஹெட்டாஃப்ட் அங்கேயே காலமானார். அவ்வாண்டே பின்லாந்தும் மன்றத்தில் இணைந்தது. மன்றத்தில் பாதுகாப்பு பற்றி மட்டும் பேசுவதில்லை என்பது எழுதப்படாத விதி. பேசினால் பின்லாந்துக்கு நெருக்கடி வரும் என்பதை எல்லோரும் அறிந்திருந்தனர்.

பேசாமலே ஒருவர் நிலையை மற்றவர் கருத்தில் கொண்டனர். நார்வேயும் டென்மார்க்கும் நேட்டோவில் இருந்தபோதும், அமைதிக் காலத்தில் அந்நியப் படைத்தளங்களையும் அணு ஆயுதங்களையும் தம் ஐரோப்பிய மண்ணில் ஏற்கவில்லை. சோவியத் எல்லையை ஒட்டிய தன் வடகிழக்குப் பகுதியில் நட்பு நாட்டு விமானங்கள் பறப்பதற்கும் நார்வே வரம்பு வைத்தது. சுவீடன் அணு ஆயுதத் திட்டத்தைக் கைவிட்டது. 1961 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் பின்லாந்தை இராணுவ ஆலோசனைக்கு அழைத்து, பின்னர் அதை வற்புறுத்தாமல் விட்டது. வற்புறுத்தினால் நார்வே தன் கட்டுப்பாடுகளைத் தளர்த்தக்கூடும் என்ற கணக்கும் அதற்கு ஒரு காரணம் எனக் கருதும் ஆய்வாளர்கள் உண்டு. ஒருவர் பொறுமை மற்றவருக்கு அரணாயிற்று. இதனையே ‘நார்டிக் சமநிலை’ என்று அரசியல் அறிஞர்கள் குறிப்பிடலாயினர்.

சுவீடனின் நடுநிலையை இந்தியாவின் அணிசேராக் கொள்கையோடு ஒன்றாகப் பார்ப்பது வழக்கம். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. அமைதிக் காலத்தில் கூட்டணியின்மை, போர் வந்தால் நடுநிலை என்பதே சுவீடனின் வாய்ப்பாடு. ஆனால் அந்த வாய்ப்பாட்டுக்கும் ஒரு மறுபக்கம் இருந்தது. போர் மூண்டால் மேற்கு நாடுகளின் உதவியைப் பெறுவதற்கான முன்னேற்பாடுகளைச் சுவீடன் 1950, 60களில் இரகசியமாகச் செய்திருந்தது என்பதை 1994இல் சுவீடன் அரசின் விசாரணைக் குழுவே வெளிப்படுத்தியது. நார்வேயோடும் டென்மார்க்கோடும் தொடர்பு ஏற்பாடுகளும் அவற்றுள் அடக்கம். 1949இல் உண்டேன் வெளிப்படையாக மறுத்ததன் ஒரு பகுதி, மக்களுக்குத் தெரியாமல் பின்வாசல் வழியாக நடந்தேறியது.

இது வினா ஒன்றை எழுப்புகிறது. தானே முடிவெடுக்கும் உரிமைதான் இறையாண்மை என்றால், அந்த முடிவை எடுத்தவர் யார்? நார்வேயில் கூட்டணி நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டு வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. சுவீடனில் மக்கள் ஒரு கொள்கையை நம்பினர். ஒரு சிறு வட்டம் வேறொன்றுக்கும் ஆயத்தமாயிற்று. கூட்டணியில் சேர்ந்த நாடு தன் கட்டுப்பாடுகளைத் தானே வகுத்து வெளிப்படையாக அறிவித்தது. சேராத நாடு தன் சார்புநிலையை மறைக்க வேண்டியிருந்தது.

வானத்தில் அழிந்த எல்லை

சோவியத் ஒன்றியம் கலைந்தபின் தடைகள் ஒவ்வொன்றாக விலகின. 1995இல் சுவீடனும் பின்லாந்தும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. 2009 பிப்ரவரியில் நார்வேயின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் தோர்வால்ட் ஸ்டோல்டன்பெர்க், ஐந்து நார்டிக் நாடுகளின் ஒத்துழைப்புக்கு 13 பரிந்துரைகளை அளித்தார். அவ்வாண்டு நவம்பரில் நார்டிக் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பு உருவாக்கப்பட்டது. 2011 ஏப்ரலில் ஐந்து நாடுகளும் ஒருமைப்பாட்டு அறிவிப்பை வெளியிட்டன.

இவற்றைவிட முக்கியமானது, ஆரவாரமின்றி நடந்த ஓர் அன்றாடப் பழக்கம். நார்வேயின் போடோ, சுவீடனின் லூலியோ, பின்லாந்தின் ரோவனியேமி ஆகிய மூன்று தளங்களிலிருந்தும் போர்விமானங்கள் புறப்படும். எல்லை கடந்த பொதுவான வான்வெளியில் கூடிப் பயிற்சி செய்யும். அன்றே தத்தம் தளத்துக்குத் திரும்பும். விழா இல்லை, பெரும் செலவும் இல்லை. 2009 முதல் இப்பயிற்சி வழக்கமாகிவிட்டது. ஒரு நாடு நேட்டோ உறுப்பினர், இரண்டு நாடுகள் இல்லை என்ற வேறுபாடு விமானிகளுக்குத் தடையாக இருக்கவில்லை.

எல்லாம் இனிதே நடந்தது என்று சொல்வதற்கில்லை. ஆர்ச்சர் என்ற பீரங்கியைச் சுவீடனும் நார்வேயும் சேர்ந்து வாங்கத் திட்டமிட்டன. 2013 இறுதியில் நார்வே விலகிக்கொண்டது. செலவு, காலக்கெடு, உள்நாட்டுத் தொழிற்சாலைகளின் நலன் ஆகியவை நட்பை மதிப்பதில்லை. ஆயுதம் வாங்குவதில் ஒத்துழைப்பது, ஒன்றாகப் பயிற்சி செய்வதைவிடக் கடினம் என்பதை அது உணர்த்தியது.

2014இல் ரஷ்யா கிரைமியாவைக் கைப்பற்றியபின் சுவீடனும் பின்லாந்தும் மேலும் நெருங்கின. தாக்குதல் நேர்ந்தால் பின்லாந்துக்கு இராணுவ உதவி அளிக்க அரசுக்கு அதிகாரம் வழங்கும் சட்டத்தைச் சுவீடன் 2020இல் இயற்றியது. 1940இல் மறுக்கப்பட்டதற்கு எண்பது ஆண்டுகள் கழித்துச் சட்ட வடிவில் கிடைத்த விடை என அதனைக் கொள்ளலாம்.

2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன்மீது ரஷ்யா முழுப் படையெடுப்பைத் தொடங்கியது. மே 18 அன்று பின்லாந்தும் சுவீடனும் ஒரே நாளில் நேட்டோவுக்கு விண்ணப்பித்தன. ஜூன் 1 அன்று டென்மார்க் மக்கள், ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்புக் கொள்கையிலிருந்து முப்பதாண்டுகளாக விலகி நின்ற நிலையைப் பொதுவாக்கெடுப்பில் முடிவுக்குக் கொண்டுவந்தனர். 2023 மார்ச்சில் நான்கு நாடுகளின் விமானப்படைத் தளபதிகள், ஏறத்தாழ 250 போர்விமானங்களை ஒரே படைபோல இயக்கும் நோக்கத்தை அறிவித்தனர். 1,340 கிலோமீட்டர் எல்லையை ரஷ்யாவுடன் பகிரும் பின்லாந்து, 2023 ஏப்ரல் 4 அன்று, அதாவது வடஅட்லாண்டிக் உடன்படிக்கையின் 74ஆம் ஆண்டு நாளில், உறுப்பினராயிற்று. துருக்கியும் ஹங்கேரியும் தாமதித்ததால் சுவீடன் 2024 மார்ச் 7 வரை காத்திருந்தது.

1949இல் லாங்கேயும் உண்டேனும் எட்ட முடியாத இடத்தை அவர்களுக்குப் பின்வந்தோர் எட்டினர். வாதத்தில் ஒருவர் வென்று மற்றவர் தோற்றதால் இது நிகழவில்லை. 1940 அண்டை நாடுகளுக்கு வெவ்வேறு பாடங்களைத் தந்தது. 2022 அவை எல்லாவற்றுக்கும் ஒரே பாடத்தைத் தந்தது. அந்த நாள் வந்தபோது, விமானிகள் ஏற்கெனவே ஒருவரையொருவர் அறிந்திருந்தனர் என்பதும் அதே அளவு முக்கியம்.

கிரீன்லாந்தில் திரும்பி வந்த வினா

வரலாறு இங்கு நின்றுவிடவில்லை. 1949இல் நார்வேயும் டென்மார்க்கும் அண்டை வீட்டாரை விடுத்துத் தொலைவிலுள்ள வல்லரசைத் தேர்ந்தன. அந்த வல்லரசே அச்சத்துக்குக் காரணமாகும் என்று அன்று எவரும் எண்ணவில்லை.

டென்மார்க் ஆக்கிரமிக்கப்பட்டிருந்த 1941இலேயே, அதன் வாஷிங்டன் தூதர் ஹென்ரிக் காஃப்மன் தன் பொறுப்பில் செய்த உடன்பாட்டின்படி அமெரிக்கா கிரீன்லாந்தில் தளங்கள் அமைத்தது. 1951இல் புதிய உடன்படிக்கை அதை உறுதி செய்தது. தூலே தளத்தின் விரிவாக்கத்துக்காக 1953இல் அங்கு வாழ்ந்த இனுயிட் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அம்மக்களின் கருத்தை யாரும் கேட்கவில்லை. நாடுகளின் இறையாண்மையைக் காக்கும் ஏற்பாடுகளில், அந்நாடுகளுக்குள் வாழும் சிறு மக்களினங்களின் குரல் எளிதில் மறைந்துபோகிறது என்பதற்கு இது சான்று. 2009 முதல் கிரீன்லாந்து விரிந்த தன்னாட்சி பெற்றுள்ளது.

2025 ஜனவரியில், அமெரிக்க அதிபராகப் பொறுப்பேற்கவிருந்த டொனால்டு டிரம்ப், கிரீன்லாந்தைப் பெறுவதற்குப் படைபலத்தைப் பயன்படுத்த மாட்டேன் என்று உறுதி கூற மறுத்தார். அம்மாத இறுதியில், டென்மார்க் பிரதமர் மெட்டே பிரடெரிக்சன் நார்வே, சுவீடன் பிரதமர்களையும் பின்லாந்து அதிபரையும் கோபன்ஹேகனில் தம் இல்லத்துக்கு இரவு உணவுக்கு அழைத்தார். பெருந்துணை ஐயத்துக்குரியதாகும்போது கண்கள் முதலில் அண்டை வீட்டையே தேடுகின்றன.

கார்ல்ஸ்டாட்டில் எழுந்த இரு வாதங்களும் இன்றும் உயிரோடுதான் உள்ளன. தனித்து நின்றால் ஆற்றல் இல்லை என்ற நார்வேயின் வாதத்தை உக்ரைன் மெய்ப்பிக்கிறது. வல்லரசின் நிழலில் ஒதுங்குபவர் அதன் விருப்பத்துக்கும் உட்பட நேரும் என்ற சுவீடனின் எச்சரிக்கையைக் கிரீன்லாந்து நினைவூட்டுகிறது. சிறிய நாடுகளுக்கு இவ்விரண்டில் ஒன்றை மட்டும் நம்பும் வசதி இல்லை. மூன்று தளங்களிலிருந்து புறப்பட்டு ஒரே வானத்தில் கூடி மாலையில் வீடு திரும்பிய விமானங்கள் எந்த உடன்படிக்கையிலும் பெரிதாக இடம்பெறவில்லை. ஆனால் உடன்படிக்கைகள் தடுமாறும் காலத்தில் மிஞ்சப்போவது, அண்டை நாடுகள் அமைதிக் காலத்தில் சேர்த்துவைத்த அத்தகைய பழக்கங்களே.